ஜார்ஜியாவில் ஞாயிறு மது விற்பனை: சட்டம் சொன்னது என்ன?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 2011இல் ஒரே சட்டத்தால் எல்லா ஊர்களிலும் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைகளைத் திறந்துவிட்டது என்று ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு.

அந்த ஆண்டு ஆளுநர் நேதன் டீல் கையெழுத்திட்ட சட்டம் எந்தக் கடையையும் நேரடியாகத் திறக்கவில்லை. வாக்கெடுப்பு நடத்திக்கொள்ள ஊர்களுக்கு அனுமதி கொடுத்தது, அவ்வளவுதான். முதலில் நகர மன்றமோ கவுன்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பகுதி) நிர்வாகமோ தீர்மானம் போட வேண்டும். அப்புறம் வாக்குச்சீட்டில் கேள்வி வரும்; 2011 சட்டப்படி அது இதுதான்: ஞாயிறு மதியம் 12.30 முதல் இரவு 11.30 வரை கடையில் வாங்கிப்போக விற்கலாமா? ஆம், இல்லை. பெரும்பான்மை ‘இல்லை’ என்றால் கடை மூடியேதான். மன்றம் தீர்மானமே போடாத ஊரில் கேள்விக்கே இடமில்லை. அட்லாண்டா 2011 நவம்பரில் ‘ஆம்’ என்றது.

கவுன்டி வாக்கு அதற்குள் இருக்கும் நகரங்களைக் கட்டுப்படுத்தாது. நகரம் தனியாக வாக்களிக்கும். அதனால் சாலையின் இந்தப் பக்கம் பீர் கிடைக்கும், அந்தப் பக்கம் கிடைக்காது என்ற நிலை வரலாம். வேடிக்கைதான், ஆனால் சட்டப்படி சரி.

இன்னொன்று: உணவகத்தில் உட்கார்ந்து குடிப்பது வேறு கணக்கு. பல ஊர்களில் அது முன்பே ஞாயிற்றுக்கிழமையும் நடந்துகொண்டுதான் இருந்தது.