கடைசியாகச் சேமித்தவர் மட்டும்தான் வேலை செய்தாரா?

ஒரே பட்டியலை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்து திருத்துகிறார்கள். இருவரும் சேமிக்கிறார்கள். இருவருக்கும் ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் செய்தி வருகிறது. ஆனால் கோப்பில் மிஞ்சுவது பிந்திச் சேமித்தவரின் எழுத்து மட்டும். முந்தியவர் எழுதியது போன இடம் தெரியாது. இதை நடக்கவிடுகிற ஒரு வலைச் செயலியை ஊர் வேலைக்குக் கொடுப்பது தவறு என்று நான் நினைக்கிறேன். சின்னச் செயலிதானே, நான்கு பேர்தானே பாவிக்கிறார்கள் என்ற சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நான்கு பேரும் ஒரே மழை நாளில் ஒரே பட்டியலைத்தான் திறப்பார்கள்.

போன மாரியில் வெள்ள நிவாரணப் பட்டியல் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு கிராமம். ஒரு குடும்பத்தின் வரியில் அங்கத்தவர் ஐந்து, பால்மா தேவை ‘இல்லை’, தொலைபேசி இலக்கம் வெற்றிடம். களத்தில் நின்ற தொண்டர் பிள்ளை அந்த வீட்டுக்குப் போனபோது, மகள் கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை கைபேசியிலேயே ஐந்தை ஏழாக்கி, பால்மாவுக்கு ‘ஆம்’ போட்டுச் சேமித்தாள். அதே நேரம் கல்லடியில் மேசையில் இருந்த இன்னொருவர் அதே வரியைத் திறந்து வைத்துக்கொண்டு, கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு வாங்கிய தொலைபேசி இலக்கத்தைத் தட்டினார். அவர் திரையில் இன்னும் பழைய ஐந்தும் பழைய ‘இல்லை’யும்தான் இருந்தன. அவர் தொட்டது ஒரே ஒரு கட்டம். ஆனால் சேமி என்று அழுத்தியதும் அந்தப் படிவம் வரியிலுள்ள எல்லாக் கட்டங்களையும் சேர்த்தே சேவையகத்துக்கு அனுப்பியது. ஏழு மறுபடி ஐந்தானது. பால்மா போய்விட்டது.

பொதி பிரிக்கும் நாளில் அந்த வீட்டுக்கு ஐந்து பேருக்கான உலர் உணவுதான் போனது. ‘பிள்ளை ஒழுங்காகப் பதியவில்லை’ என்று பேச்சு வாங்கியது, மழையில் நனைந்துகொண்டு சரியாகப் பதிந்த அதே பிள்ளைதான். எனக்கு இதில்தான் கோபம். எழுத்து அழிந்தது ஒரு நட்டம் என்றால், அழிந்த சுவடே இல்லாமல் போனது அதைவிடப் பெரிய நட்டம். தான் பதிந்ததைக் காட்ட அவளிடம் எதுவுமில்லை.

இது புதிய நோயுமல்ல. வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி கூட்டமைப்பு இந்தத் ‘தொலைந்த திருத்தம்’ பற்றி 1999ஆம் ஆண்டிலேயே தனிக் குறிப்பு வெளியிட்டது. தரவுத்தளக்காரர்கள் அதற்கும் முன்பே இதோடு மல்லுக்கட்டியவர்கள். பூட்டுப் போடாமலே மோதலைக் கண்டுபிடிக்கும் முறையைப் பற்றி குங், ராபின்சன் என்ற இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1981இல் வந்தது. மருந்து இவ்வளவு காலமாகக் கையில் இருக்கிறது.

இந்தச் சிக்கலைச் சொன்னதும் பல இளைஞர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பூட்டு. ஒருவர் திறந்தால் மற்றவருக்குக் கதவு மூடிவிட வேண்டும் என்கிறார்கள். வலைச் செயலி எழுதும் பிஎச்பி மொழியில் கோப்பைப் பூட்டும் ‘எஃப்லொக்’ என்ற கட்டளை இருக்கிறதே, அதைப் போட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியாது. அந்தப் பூட்டு, உலாவி அனுப்பிய ஒரு கோரிக்கை சேவையகத்தில் ஓடி முடியும் வரைதான் நிற்கும். பக்கம் உலாவிக்கு வந்து சேர்ந்த கணமே சேவையகத்தில் அந்த ஓட்டம் முடிந்து, பூட்டும் கழன்றுவிடும். மனிதர் தேநீர் குடித்துக்கொண்டு திருத்தும் அந்தப் பத்து நிமிடம் முழுவதும் கோப்பு திறந்தே கிடக்கிறது. தரவுத்தளத்தில் ஒரு வரியைப் பூட்டிப் படிக்கும் ‘செலெக்ட் ஃபோர் அப்டேட்’ போடுவதும் அப்படித்தான், அந்தப் பரிவர்த்தனை (ஒன்றாக ஓடி முடியும் கட்டளைத் தொகுதி) முடிந்தால் அதன் ஆயுளும் முடிந்தது. இவை பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. இரண்டு கோரிக்கைகள் ஒரே கணத்தில் கோப்பில் எழுதி அதைக் குழப்பாமல் இவை காக்கும். ஆனால் இரண்டு மனிதர்கள் மோதிக்கொள்வதைத் தடுப்பது இவற்றின் வேலையல்ல.

மனிதருக்குப் பூட்டுப் போடுவதென்றால் அதைத் தரவுத்தளத்தில் ஒரு பதிவாகவே வைக்க வேண்டும். யார் பிடித்திருக்கிறார், எப்போது பிடித்தார், எப்போது காலாவதியாகும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். எங்கள் வயல் கண்டங்களில் வட்டவிதானையார் தண்ணீர் முறை பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உன் முறை முடிந்தால் தண்ணீர் அடுத்த வரவைக்குப் போய்விடும், நீ வந்தாயா வரவில்லையா என்று வாய்க்கால் காத்திருப்பதில்லை. காலாவதி இல்லாத பூட்டு, வராத ஒருவருக்காக முழுக் கண்டத்தையும் காயப்போடும்.

‘வேலை முடிந்தால் பயனர் வெளியேறு என்று அழுத்துவார், அப்போது பூட்டைத் திறக்கலாம்’ என்று நம்பி எழுதுபவர்களுக்கு எங்கள் மாவட்டம் நல்ல பாடசாலை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டை இந்த நாடு பார்த்தது. அது போனாலும், வாகரைப் பக்கமோ வெல்லாவெளிப் பக்கமோ மழைக்காலத்தில் சிக்னல் விழுந்து எழும்புவது போகவில்லை. பற்றரி இறந்த கைபேசி யாரிடமும் சொல்லிவிட்டு இறப்பதில்லை. ஆகவே உலாவி திறந்திருக்கும் வரை அது இடைக்கிடை ‘நான் இருக்கிறேன்’ என்று சேவையகத்துக்குச் சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் நின்று சிறிது நேரத்தில் பூட்டு தானாகக் கழல வேண்டும். வலைத்தளங்களை எழுதி நடத்தப் பாவிக்கும் வேர்ட்பிரஸ் 2013இல் தன் 3.6 பதிப்பில் இதைத்தான் கொண்டுவந்தது. ஒருவர் திருத்திக்கொண்டிருந்தால் அவருடைய பெயரைக் காட்டும், தேவையானால் மற்றவர் பொறுப்பை எடுத்துக்கொள்ளவும் விடும். பெயரைக் காட்டுவது பெரிய விஷயம். ‘இக்கோப்பு பூட்டப்பட்டுள்ளது’ என்ற மொட்டைச் செய்தியால் யாருக்கும் பயனில்லை. பெயர் தெரிந்தால் ஓர் அழைப்பில் விஷயம் முடிந்துவிடும்.

ஆனாலும் எங்கள் நிலைமைக்குப் பூட்டை முதல் மருந்தாக நான் சொல்லமாட்டேன். யாரையும் தடுக்காமல், சேமிக்கும் கணத்தில் சரிபார்ப்பதுதான் இங்கே பொருந்தும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதிப்பு எண் கொடுங்கள். படிவத்தைத் திறக்கும்போது அந்த எண்ணும் கூடவே போகட்டும். சேமிக்கும்போது, ‘இந்த இலக்கமுள்ள வரி இன்னும் 7ஆம் பதிப்பில்தான் இருக்கிறது என்றால் மட்டும் மாற்று, மாற்றி 8 ஆக்கு’ என்று தரவுத்தளத்துக்கு ஒரே கட்டளையில் சொல்லுங்கள். எத்தனை வரி மாறியது என்று தரவுத்தளம் பதில் சொல்லும். பூச்சியம் என்று வந்தால் இடையில் யாரோ புகுந்திருக்கிறார்கள். அவ்வளவுதான், ஒரு நெடுவரிசையும் ஒரு நிபந்தனையும்.

இதில் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். முதலில் எண்ணைப் படித்து ஒப்பிட்டுவிட்டு, பிறகு தனியாக எழுதும் கட்டளையைப் போடுகிறார்கள். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள நொடிப்பொழுது போதும், இன்னொருவர் நுழைந்துவிடுவார். ஒப்பிடுவதும் எழுதுவதும் ஒரே கட்டளையாக இருந்தே ஆக வேண்டும். மற்றது, எண்ணுக்குப் பதிலாகக் கடைசியாகத் திருத்திய நேரத்தை வைப்பது. நேரத்தை நொடிக் கணக்கில் சேமித்தால், ஒரே நொடிக்குள் நடந்த இரண்டு திருத்தங்களுக்கும் ஒரே நேரம்தான் விழும்.

கோப்பாகவே வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு. உலாவியும் சேவையகமும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி முறையில், கோப்பின் பதிப்பைக் குறிக்கும் ஈடேக் என்ற அடையாளம் இதற்கும்தான் உதவுகிறது. திறக்கும்போது சேவையகம் தந்த அடையாளத்தைச் சேமிக்கும்போது இஃப்-மேட்ச் தலைப்பில் திருப்பி அனுப்பினால், கோப்பு இடையில் மாறியிருந்தால் 412 என்ற பிழை எண் பதிலாக வரும். அடையாளம் அனுப்பாமலே எழுத வருபவரை 428 என்று சொல்லித் திருப்பியனுப்பலாம், அந்த எண் 2012இலிருந்து இருக்கிறது.

மோதல் தெரிந்த பிறகு பயனருக்கு என்ன காட்டுகிறோம் என்பதில்தான் நான் மிகக் கண்டிப்பாக இருப்பேன். ‘தரவு மாறிவிட்டது, மீண்டும் முயற்சிக்கவும்’ என்று சொல்லிப் படிவத்தை வெறுமையாக்குவது மனிதரை அவமதிப்பது. அவர் தட்டிய எழுத்து திரையில் அப்படியே நிற்க வேண்டும். பக்கத்தில், இடையில் வந்தவர் எதை மாற்றினார் என்பது அவருடைய பெயரோடு தெரிய வேண்டும். இருவரும் வெவ்வேறு கட்டங்களைத் தொட்டிருந்தால் செயலியே இரண்டையும் சேர்த்துவிடலாம், மனிதரைக் கேட்கத் தேவையில்லை. நான் மேலே சொன்ன அந்தக் குடும்பத்தின் கதையில், மாறிய கட்டத்தை மட்டும் அனுப்பியிருந்தாலே மோதல் நடந்திருக்காது. ஒரே கட்டத்தில் இருவர் இரண்டு எண் போட்டிருந்தால் மட்டும் கேளுங்கள். பழைய பதிப்புகளை அழிக்காமல் வைத்திருங்கள். களத்தில் நிற்கும் பிள்ளைக்கு அதுதான் சாட்சி.

‘இதெல்லாம் எதற்கு, கூகுள் ஷீட்ஸ் போதுமே’ என்று கேட்பவர்கள் உண்டு. பல அமைப்புகளுக்கு அது போதும், நானே அதைத்தான் சொல்லியிருக்கிறேன். பலர் சேர்ந்து நேரலையில் எழுதும் நுட்பத்துக்கு 1989இல் எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் போட்ட அடித்தளத்தின் பலன் இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. ஆனால் அது எழுத்தைத்தான் இணைக்கும், பொருளை இணைக்காது. களஞ்சியத்தில் ஒரேயொரு பொதி மிஞ்சியிருக்கும்போது, ஒருவர் அதை ஒரு குடும்பத்தின் வரியிலும் மற்றவர் இன்னொரு குடும்பத்தின் வரியிலும் எழுதினால், இரண்டு கட்டங்களும் அழகாகச் சேமிக்கப்படும். பொதி ஒன்றுதான். இருப்பைக் குறைப்பதையும் குடும்பத்துக்கு ஒதுக்குவதையும் ஒரே பரிவர்த்தனையாக்கி, இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போக முடியாதென்று தரவுத்தளத்திலேயே விதி போட்டால்தான் அது நிற்கும்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் செயலி செய்விக்கும் சங்கங்களிடமும் தொண்டு அமைப்புகளிடமும் ஒன்று கேட்கிறேன். பொறுப்பேற்கும் நாளில் இரண்டு கைபேசிகளை எடுங்கள். இரண்டிலும் ஒரே குடும்பத்தின் வரியைத் திறவுங்கள். ஒன்றில் அங்கத்தவர் எண்ணை மாற்றிச் சேமியுங்கள். மற்றதில் பக்கத்தைப் புதுப்பிக்காமல் அதே கட்டத்தில் வேறொரு எண்ணைப் போட்டுச் சேமியுங்கள். இரண்டாவது கைபேசியிலும் பச்சை எழுத்து வந்தால், சரிசெய்து தரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.