கலைஞர் 60 ஆண்டுகள் இடைவிடாமல் எம்.எல்.ஏ.வாக இருந்தாரா?

"1957 முதல் 2018 வரை ஒருநாள்கூட இடைவெளி இல்லாமல் சட்டமன்ற உறுப்பினர்" என்று கலைஞர் கருணாநிதி படத்தோடு ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாதிதான் சரி.

சட்டமன்றத்துக்குப் போட்டியிட்ட 13 முறையும் அவர் வென்றார், தோற்றதே இல்லை. 1957-இல் குளித்தலையில் தொடங்கி 2016-இல் திருவாரூர் வரை அந்தக் கணக்கு உண்மை. 1980-இல் அண்ணா நகரில் வெறும் 699 வாக்கு வித்தியாசம், ஆனாலும் வெற்றிதான்.

ஆனால் 'இடைவிடாமல்' என்பது தவறு. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதைக் கண்டித்து ஆகஸ்டில் அவரும் பேராசிரியர் அன்பழகனும் எம்.எல்.ஏ. பதவியைத் தூக்கி எறிந்தார்கள். 1984 சட்டமன்றத் தேர்தலில் கலைஞர் நிற்கவே இல்லை. அந்தக் காலத்தில் மேலவை (எம்.எல்.ஏ.க்கள் அமரும் பேரவை அல்லாத, சட்டமன்றத்தின் இன்னொரு அவை) உறுப்பினராக இருந்தார், 1986-இல் மேலவையே கலைக்கப்பட்டது. பேரவைக்குத் திரும்பியது 1989-இல், துறைமுகம் தொகுதியிலிருந்து.

அப்புறம் 1991. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் வந்த தேர்தலில் தி.மு.க. வேட்பாளர்களில் வென்றவர்கள் இரண்டே பேர். துறைமுகத்தில் 890 வாக்கில் ஜெயித்த கலைஞர், அந்த இடத்தையும் ராஜினாமா செய்தார். மறுபடி எம்.எல்.ஏ. ஆனது 1996-இல், சேப்பாக்கத்தில்.

புகழ்வதாக நினைத்து இதைப் பகிர்கிறவர்கள், ஈழத் தமிழருக்காக அவர் பதவி விலகியதையே வரலாற்றிலிருந்து அழித்துவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம். பகிர்வதானால் '13 முறை போட்டி, 13 முறை வெற்றி' என்று திருத்திப் பகிருங்கள்.