கிரிச் ட்ராம் நூதனசாலை: ஏறிப் போகலாம்

தம்பி, களுவாஞ்சிக்குடி அக்கா இங்கிலாந்தில மகளிட்ட போகக்குள்ள அங்க டார்பிஷயரில இருக்கிற கிரிச் ட்ராம் நூதனசாலைக்குப் போகலாமா எண்டு கேட்டா. "எல்லாம் கண்ணாடிக்குள்ள, தூர நிண்டு பார்க்கிறதுதான், புள்ளைகளுக்குச் சரிவராது" எண்டு நீங்க எழுதினது பிழை.

அங்க பழைய ட்ராம்கள், வீதித் தண்டவாளத்தில ஓடின வண்டிகள், உண்மையாவே ஓடுது. உள்ள போகக்குள்ள பழைய காலத்துப் பென்னிக் காசு ஒண்டு தருவாங்க. அதை நடத்துநரிட்டக் குடுத்து ஏறினா, அந்த நாள் முழுக்க எத்தனை தரமும் போய் வரலாம். பாதை ஏறக்குறைய ஒரு மைல். முன்னம் சுண்ணாம்புக்கல் உடைச்ச இடம் அது. 1948இல சவுதாம்ப்டனில கழிச்சுவிட்ட 45ஆம் இலக்க ட்ராமை ஆர்வலர்கள் பத்து ஸ்டேர்லிங் பவுணுக்கு வாங்கினாங்க, அதில தொடங்கின வேலைதான் இவ்வளவும். நம்மட கொழும்பு ட்ராம் 1960இல நிண்டதோட, நம்ம புள்ளைகளுக்கு அப்பிடி ஏறிப் பார்க்க வழியே இல்லாமப் போச்சு. அதனாலதான் அக்காட பேரப்புள்ளைகள் இதைத் தவறவிடக்கூடாது எண்டு சொல்றன்.

அக்கா, கிட்டவுள்ள வாட்ஸ்டாண்ட்வெல் ரயில் ஸ்டேஷனில இறங்கி நடக்க வேணாம். நம்மட ஊர்போல மட்டமான நிலமில்லை, நல்ல ஏத்தம். காரில போங்க. அத்தானுக்குச் சக்கர நாற்காலி எண்டாலும் பயமில்லை, அதுக்கெண்டே மாத்தியமைச்ச பெர்லின் ட்ராம் ஒண்டு வச்சிருக்காங்க. குளிர்காலத்தில பூட்டிருவாங்க, திகதியைப் பார்த்து வெளிக்கிடுங்க.