ஆற்றில் இருக்கும் ஊரா, ஆற்றங்கரை ஊரா?

ஆங்கிலத்தில் ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்று எழுத, ‘ஊருக்கு எப்போதும் இன் (in) போட்டால் போதும்’ என்று ஒரு கட்டுரை சொல்கிறது. நாடு, மாநிலம், மாவட்டம் வரை அது சரி. ஆறு வந்ததும் தவறிவிடும். திருச்சி ‘இன் தி காவேரி’ என்று எழுதினால் ஊரே தண்ணீருக்குள் போய்விடும். ‘ஆன் (on) தி காவேரி’ என்பதே சரி. கரை என்ற சொல் இல்லாமலே பொருள் வந்துவிடும். கடற்கரை, நெடுஞ்சாலை, மாநில எல்லை எல்லாவற்றுக்கும் ஆன்தான். தீவுக்கும் அதுவே: ராமேஸ்வரம் ‘ஆன் பாம்பன் ஐலண்ட்’. ஆனால் இலங்கையை நாடாகச் சொல்லும்போது ‘இன் ஸ்ரீலங்கா’. கன்னியாகுமரி முனையில் இருப்பதால் அட் (at). மலைத்தொடருக்குள் இருக்கும் ஊட்டி ‘இன் தி நீலகிரீஸ்’. ஒற்றைக் குன்றின் மேல் என்றால் ஆன்.

நமக்கு இது குழம்பக் காரணம், கரையில், தீவில், முனையில், மலையில் என எல்லாவற்றையும் தமிழில் ‘இல்’ ஒன்றே சுமக்கிறது.

திசையில் இன்னும் கவனம் வேண்டும். ‘இன் தி சவுத் ஆஃப் சென்னை’ என்றால் அடையாறு போல நகருக்குள் உள்ள பகுதி. மாமல்லபுரம் வெளியே இருப்பதால் வெறும் ‘சவுத் ஆஃப் சென்னை’. முன்னால் ‘டு தி’ சேர்த்தாலும் சரியே.

தூரம் சொல்லும்போது, கோவையிலிருந்து ஊட்டி ‘85 கிலோமீட்டர்ஸ் ஃபார் (far)’ என்று பலர் எழுதுகிறார்கள். எண் வந்தால் ஃபார் வராது. ‘85 கிலோமீட்டர்ஸ் ஃப்ரம் கோயம்புத்தூர்’ போதும். ‘நியர் டு சென்னை’யிலும் டு வேண்டாம்.