கிளச் கல்லுப்போல இருக்கிறதா? பிளேட்டைக் கழற்ற முன் வயரைப் பாருங்கள்

பின்னேரமானால் இடது கை விரல்கள் மரத்துப் போகின்றன என்று அக்கா மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடியிலிருந்து குருமண்வெளித் துறைக்குப் போய், பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், பைக்கை ஏற்றி, மண்டூர்ப் பக்கம் படிப்பிக்கப் போகிறவர். அப்பா ஓடிய பழைய 100 சிசி பைக். பாதையில் ஏற்றும்போது முன்னால் ஆட்கள் நிற்பார்கள், முதல் கியரில் அரைக் கிளச்சில் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும், அந்த இடத்தில் கிளச் சடாரென்று பிடித்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கராஜில் காட்டியிருக்கிறார். "டீச்சர், பழைய பைக் என்றால் இப்படித்தான், நீங்கள் ஒரு ஸ்கூட்டர் எடுங்களேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது அந்தப் பதிலில்தான். கிளச் ஸ்பிரிங் பழசாகப் பழசாகத் தளருமே தவிர இறுகாது. புதிதில் இலகுவாக இருந்த கிளச் நாள் போகப் போகக் கடினமாகிறது என்றால் எங்கேயோ உராய்வு கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அதைத் தேடிப் பார்க்காமல் ஒரு மனுசியின் கையில் குறை சொல்வது எந்த வகையிலும் நியாயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பைக்கை வாங்கி முற்றத்தில் நிறுத்தினேன். கிளச் வயரின் இரண்டு பக்கத்தையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஆட்டிப் பார்த்தேன். இதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் வழி. வயர் இல்லாமல், கையால் பிடிக்கும் லீவர் மட்டும் தன் போல்ட்டில் தாராளமாக ஆட வேண்டும். ஆடவில்லை, கடற்காற்றில் போல்ட் துருப்பிடித்துக் கிடந்தது. அடுத்து வயரின் உள்கம்பியை இழுத்தால் பட்டுப்போல வர வேண்டும். இது மணலில் இழுத்தமாதிரி நறநறவென்று வந்தது. இஞ்சின் பக்கத்தில் வயர் இழுக்கும் சின்ன இரும்புக் கையை அசைத்துப் பார்த்தேன், அதில் ஒரு குறையும் இல்லை. ஆக, இஞ்சினுக்குள் இருக்கும் கிளச் பிளேட்டுக்கும் இந்தப் பிரச்சினைக்கும் சம்பந்தமே இல்லை.

வயர் ஏன் அப்படி ஆனது? எப்போதோ ஹெட்லைட் மாற்றியவர்கள் வயரை ஃபிரேமோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஹாண்டிலைத் திருப்பும்போதெல்லாம் அந்த இடத்தில் மடங்கி மடங்கி, உள்ளே கம்பி வெளி உறையை அறுத்திருக்கிறது. வளைவு கூடக் கூட உராய்வு பல மடங்காகும். கம்பி போகும் வழியைச் சீராக்கினாலே கிளச்சின் பாரத்தில் பாதி குறைந்துவிடும் என்பது என் அனுபவம். லீவருக்குள் இருக்கும் கம்பியின் குண்டு முனையையும் பாருங்கள், அது தன் துளைக்குள் சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஒவ்வொரு பிடிக்கும் கம்பி அந்த இடத்தில் மடங்கி, இழை இழையாக அறுந்து, ஒரு நாள் நடுரோட்டில் விட்டுவிடும்.

புது வயர் போட்டேன். லீவர் போல்ட்டுக்கும் குண்டு முனைக்கும் மட்டும் கிறீஸ். வயருக்குள் கிறீஸ் அடைக்காதீர்கள், இப்போது வரும் வயர்களில் பெரும்பாலும் உள்ளே நைலோன் குழாய் இருக்கிறது, கிறீஸ் தூசியைப் பிடித்து அதற்குள் சேறாகிவிடும்.

அப்புறம் லீவரின் ஆட்டம், அதாவது கம்பி இறுகும்வரை லீவர் சும்மா அசையும் தூரம். நம்மூரில் இதை ஒரு குறையாக நினைத்து, கடைசிவரை இறுக்கிக் கொடுப்பதுதான் நல்ல வேலை என்கிறார்கள். இல்லை! லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை சும்மா ஆட்டம் இருக்கத்தான் வேண்டும், பெரும்பாலான பைக்குகளின் கையேட்டிலும் இந்த அளவுதான் இருக்கும். ஆட்டமே இல்லையென்றால் கிளச் எப்போதும் பாதி பிடித்தபடியே ஓடும், பிளேட் வழுக்கிச் சூடேறிக் கருகும். ஆட்டம் கூடினால் கிளச் முழுதாக விடாது, கியர் 'டக்' என்று விழும், நியூட்ரல் கிடைக்காது. இன்னொன்று, வயர் நீண்டால் ஆட்டம் கூடும், பிளேட் தேய்ந்தால் ஆட்டம் குறையும். ஆட்டம் தானாகக் குறைந்துகொண்டே போகிறது என்றால்தான் பிளேட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வழுக்கும் கிளச் எங்கள் ஊரில் லேசில் தெரியவும் மாட்டாது. ஏற்றம் என்றால் பாலங்கள்தானே இருக்கின்றன. செங்கலடியிலிருந்து பதுளை ரோட்டில் மலை ஏறும்போதுதான் இஞ்சின் கத்தும், பைக் நகராது. அப்படி ஆனால் முதலில் ஒயில் போத்தலைப் பாருங்கள். கிளச் பிளேட்டுகள் இஞ்சின் ஒயிலில் ஊறியபடி ஓடுகிறவை, ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்ட பைக் ஒயில்தான் வேண்டும். கார் ஒயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கிறது, அது கிளச்சை வழுக்கச் செய்யும்.

கடைசியாக, அக்காவைச் சீற்றில் இருக்கச் சொல்லி, முன்கையும் மணிக்கட்டும் ஒரே நேராக வரும்படி லீவரைக் கொஞ்சம் கீழே திருப்பி வைத்தேன். முன்பு அது அப்பாவின் உயரத்துக்கு இருந்தது. திங்கட்கிழமை பாதையிலிருந்து இறங்கியதும் போன் எடுத்து, "தம்பி, இரண்டு விரலால பிடிக்கலாம்டா" என்றார்.

பழைய வயரை எறியாமல் வைத்திருக்கிறேன். வாவியின் கிழக்கே எழுவான்கரையோ மேற்கே படுவான்கரையோ, கிளச் பாரமென்று கஷ்டப்படுகிறவர்கள் ஞாயிறு பின்னேரம் வாருங்கள், காசு வேண்டாம். அந்த வயரை ஒருதரம் உங்கள் கையால் இழுத்துப் பாருங்கள், பிறகு உங்கள் பைக்கைக் கழற்றுவோம்.