சி ஷார்ப்பை உருவாக்கியவரே அதைத் தேர்ந்தெடுக்கவில்லை

2025 மார்ச்சில் டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரை கோ மொழிக்கு மாற்றப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது நினைவிருக்கும். டைப்ஸ்கிரிப்ட் என்பது ஜாவாஸ்கிரிப்டோடு டைப்களை, அதாவது எது எந்த வகை டேட்டா என்ற குறிப்புகளைச் சேர்த்த மொழி, அதில் எழுதிய கோடைச் சரிபார்த்து ஜாவாஸ்கிரிப்டாக மாற்றுவது அந்தக் கம்பைலர். விஎஸ் கோட் எடிட்டரின் மூலநிரல் சுமார் 15 லட்சம் வரி. அதைச் சரிபார்க்கப் பழைய கம்பைலருக்கு 77 விநாடிக்கு மேல் பிடித்தது, புதியதற்கு ஏழரை விநாடி போதும் என்று காட்டினார்கள். நாள் முழுக்க டைப்ஸ்கிரிப்டில் வேலை செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நல்ல செய்தி! ஆனால் அந்த வாரம் நான் படித்த விவாதங்களில் வேகத்தைப் பற்றிய பேச்சு கொஞ்சம்தான். கோவுக்குப் பதில் ஏன் ரஸ்ட் மொழி இல்லை, ஏன் மைக்ரோசாஃப்டின் சொந்த மொழியான சி ஷார்ப் இல்லை, இதுதான் எங்கே பார்த்தாலும்.

சி ஷார்ப் ஆட்களின் கோபம் புரிகிறது. டைப்ஸ்கிரிப்டை முன்னின்று நடத்தும் ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க்தான் சி ஷார்ப்பையும் வடிவமைத்தவர், அதற்கும் முன்னால் டர்போ பாஸ்கல் என்ற கம்பைலரைக் கொடுத்தவர். கோ கூகுளில் பிறந்த மொழி. பெற்றவரே தன் மொழியை விட்டுவிட்டுப் போட்டிக் கம்பெனியின் மொழியை எடுத்தால் அதையே நம்பிப் பிழைப்பவர்களுக்கு வலிக்கத்தான் செய்யும்.

ஆனால் டைப்ஸ்கிரிப்ட் குழு சொன்ன காரணத்தைப் பொறுமையாகப் படித்தால், இதைவிட நேர்மையான முடிவு இருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பழைய கம்பைலரில் கிளாஸ்கள் அதிகம் கிடையாது, பெரும்பாலும் ஃபங்ஷன்களும் டேட்டா ஸ்ட்ரக்சர்களும்தான். அந்த டேட்டாவோ ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு நிற்பது, தாய் நோடு பிள்ளையைக் காட்டும், பிள்ளை திரும்பத் தாயைக் காட்டும், மெமரியை கார்பேஜ் கலெக்டர் (தேவை முடிந்த டேட்டாவைத் தானே அகற்றும் ஏற்பாடு) பார்த்துக்கொள்ளும் என்ற தைரியத்தில் எழுதியது. ரஸ்டில் கார்பேஜ் கலெக்டர் கிடையாது, இதை அங்கே கொண்டுபோனால் எந்த டேட்டா யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு இடத்திலும் பதில் சொல்லியாக வேண்டும், அதாவது உள்ளமைப்பையே முதலிலிருந்து யோசிக்க வேண்டும். அப்படி யோசித்து எழுதியது பழைய கம்பைலரைப் போலவே எல்லா இடத்திலும் நடந்துகொள்ளும் என்று யார் உறுதி தருவது? ஒரு இடத்தில் பிழைச் செய்தி மாறினால்கூட அதை நம்பி ஓடும் எத்தனையோ புராஜெக்ட்கள் அடுத்த நாள் காலையில் உடைந்து கிடக்கும். சி ஷார்ப் எல்லாவற்றையும் கிளாஸுக்குள் வைத்து எழுதப் பழக்கும் மொழி, அதனால் அங்கேயும் நிறைய மாற்ற வேண்டிவரும். கோ மொழியில் ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் கிட்டத்தட்ட அப்படியே பெயர்த்து வைக்கலாம், கார்பேஜ் கலெக்டரும் உண்டு, நேரடியாக மெஷின் கோடாகவும் மாறும், பல கோர்களில் ஒரே மெமரியைப் பகிர்ந்தும் ஓடும். கையில் இருந்த கோட் எப்படிப்பட்டது என்று பார்த்து மொழியை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

ரஸ்ட் பிடிக்கும் என்றால் பிடிக்கும் என்று சொல்லலாமே. அப்படிச் சொன்னவர் ஒருவர் உண்டு. 2023 செப்டம்பரில், வலைத்தளம் எழுத உதவும் ரூபி ஆன் ரெயில்ஸை உருவாக்கிய டேவிட் ஹைனமையர் ஹான்சன், டர்போ என்ற லைப்ரரியின் எட்டாம் பதிப்பிலிருந்து டைப்ஸ்கிரிப்டை எடுத்துவிட்டார். "எனக்கு இது ஒருபோதும் பிடித்ததில்லை" என்று வெளிப்படையாகவே எழுதினார். எனக்கு அந்த முடிவில் துளியும் உடன்பாடு இல்லை, டைப் இல்லாத பெரிய கோட்பேஸைப் பராமரிப்பது கொடுமை என்பது என் அனுபவம், பைத்தானும் 2015இல் 3.5 பதிப்பில் டைப் ஹின்ட்ஸைச் சேர்த்தது சும்மா இல்லை. ஆனாலும் தன் விருப்பத்தை விருப்பம் என்றே சொன்ன மனிதரோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாதாடலாம். தன் விருப்பத்தை அறிவியல் விதி மாதிரி பேசுகிறவரோடுதான் முடியாது.

இதெல்லாம் பெரிய ஆட்களின் சண்டை, அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். எனக்கு உண்மையில் கோபம் வருவது இந்த மொழிச் சண்டை நம் நேர்காணல் அறைகளுக்குள் வரும்போது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், வேலை கேட்டு வந்த, வலைத்தளங்களுக்கான பிஎச்பி மொழியில் பல வருடம் எழுதிய ஒருவரிடம் "அதெல்லாம் ஒரு லாங்குவேஜா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டதைப் பார்த்தேன். விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கி பிஎச்பி, வேர்ட்பிரஸ் பிஎச்பி. 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7க்குப் பிறகு அந்த மொழி எவ்வளவு மாறிவிட்டது என்பதுகூட அந்தக் கேள்வியைக் கேட்டவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வந்தவர் டேட்டாபேஸ் இண்டெக்ஸ் பற்றியும் கேஷிங் பற்றியும் அருமையாகப் பேசினார், ஆனால் அதற்கு மதிப்பெண் இல்லை. சிறிய ஊர்க் கல்லூரியில் படித்துவிட்டுக் கிடைத்த முதல் வேலையில் கிடைத்த மொழியைக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் இங்கே எத்தனை பேர்! அவர்கள் மொழியைத் தேர்ந்தெடுக்கவே இல்லை, சம்பளம் தேர்ந்தெடுத்தது. அதை வைத்து அவர்கள் அறிவை அளப்பது அநியாயம்.

சரி, என் விருப்பம் என்ன என்று கேட்பீர்கள். ரஸ்ட். கம்பைலர் கழுத்தைப் பிடித்தாலும் அது ஒப்புக்கொண்ட பிறகு கிடைக்கும் நிம்மதி எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் டீமில் இப்போது ஒரு புது சர்வீஸ் எழுத வேண்டியிருக்கிறது, எந்த மொழி என்று பேச்சு நடக்கிறது. டீமில் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது ஜாவா, அது இணைய வேண்டிய மற்ற சர்வீஸ்கள் எல்லாமே ஜாவா, ராத்திரி இரண்டு மணிக்கு அது விழுந்தால் எழுந்து பார்க்கப்போவதும் அவர்கள்தான். என் ஓட்டு ஜாவாவுக்கு.