துருவுக்கு மேல பெயின்ற் அடிக்காதேங்கோ!

திரும்பவும் அடிச்சாச்சு! எங்கட திருகோணமலைக் கடற்கரையில உள்ளுக்க கம்பி வைச்சுக் கட்டின சீமெந்துச் சிலையின்ர இடது முழங்கையில ஒரு முழத்துக்கு வெடிப்பு. அதுக்குள்ளால செங்காவி நிறத்தில துருத்தண்ணி வழிஞ்சுகொண்டிருக்கு. தட்டிக்கூடப் பார்க்கேல்லை. புட்டியை அப்பி, ஒரு தேய் தேய்ச்சு, மேல எனாமல் 2 கோட். முழங்கை பளபளக்குது! வாடைக்காத்தும் மாரி மழையும் வரட்டும், தோல் தோலாக் கழண்டு விழும். எத்தினை வருசமா இதையே பார்த்துக்கொண்டிருக்கிறம்!

துரு எண்டால் வெறும் கறையே? துருவா மாறின இரும்பு முந்தி இருந்ததைவிடக் குறைஞ்சது 2 மடங்கு இடம் கேக்கும். அது தள்ளுற தள்ளிலதான் சீமெந்து வெடிக்குது. உள்ளுக்க உப்பும் ஈரமும் இருக்குமட்டும் துரு நிக்காது. எனாமலால மூடினால் ஈரம் வெளிய வர வழியில்லாமல் பெயின்றைக் கொப்புளமாக் கிளப்பும்.

வெடிப்பைச் சுத்தி உளியால கொத்துங்கோ. கம்பிக்குப் பின்பக்கமும் 20 மில்லிமீற்றர் வெளிக்கவேணும். கம்பி வெள்ளையாத் தெரியுமட்டும் சுரண்டுங்கோ. தேஞ்சுபோயிருந்தால் வெட்டி எறிஞ்சு புதுசு போடுங்கோ. நல்லதண்ணியால உப்புப் போகக் கழுவி, காயவிட்டு, கம்பிக்குத் துத்தநாகப் பூச்சு அடிச்சு, பொலிமர் கலந்த சாந்து வைச்சு, ஈரச்சாக்குப் போட்டுக் காக்கவேணும். பெயின்ற் கடைசி வேலை, அதுவும் ஈரத்தை வெளிய விடுற பெயின்ற். இது மழையில்லாத கச்சான் காத்துக் காலத்தில செய்யிற வேலை. திருவிழாவுக்கு 3 நாள் இருக்கேக்க ஏணி வைக்கிற வேலையில்லை!

கட்டேக்கயே பிழை. விரல், காது மடல் எல்லாத்திலயும் கம்பிக்கு மேல 10 மில்லிமீற்றர் சீமெந்துகூட இல்லை. கடலோரத்தில 50 வேணும். விரலுக்குள்ள அவ்வளவு இடமில்லையெண்டால் அந்தச் சில அடிக்காவது 316 தரத்துத் துருப்பிடியாக் கம்பி போட்டிருக்கலாமே! கம்பியளைச் சேர்த்துக் கட்டுற கட்டுக்கம்பியின்ர நுனியை உள்பக்கம் மடக்கக்கூட ஒருத்தருக்கும் மனம் வரேல்லை.

கத்தாரில தோகா விமான நிலையத்து மஞ்சள் கரடிச் சிலையைக் காட்டி, அது மட்டும் எப்பிடி மினுங்குது எண்டு கேக்கிறாங்கள். 7 மீற்றர் கரடி, வெண்கல வார்ப்பு, நிக்கிறது குளிரூட்டின மண்டபத்துக்குள்ள. எங்கட சிலை இரவுபகலா உப்புக்காத்தைக் குடிச்சுக்கொண்டு நிக்குது. கூடக் கவனிக்கவேண்டியது எதை?

எங்கட சிலையின்ர திறப்புவிழாக் கல்லையும் ஒருக்காத் திருத்துங்கோ. மூண்டு மொழியில வெட்டி, தமிழில மட்டும் ‘திருகோனமலை’. எங்கட ஊர்ப்பேர் ஐயா அது! மூண்டு சுழி ண!